கப்பல் வரும்வரை ஒரு செருப்புத் துண்டு

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து வேறு யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் தீவில், டெய்ரி ஃபார்ம் என்கிற இந்தப் பகுதியில் என் பெரியப்பாவைத் தெரிந்தவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். என் அப்பா அவருடைய சொந்தத் தம்பிதான். ஆனால் அப்பா கண்ணில் மட்டும் இது படவே கூடாது.

ஒரு கல்யாணத்துக்கு வடக்கே திக்லிபூர் ஊருக்குப் போன இடத்தில் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை என்று ஃபோன் வந்தது. அம்மா கதறினாள். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அந்தக் காரைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே! அழுகை மறுநாள்தான் வந்தது.

அந்தக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்கக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி கொண்டுபோக முடியாமல் பெரியப்பாவிடம் விட்டுப் போனது. பெரியப்பா கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சுனாமியில் எல்லாம் போய், மாற்று உடைகூட இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தவருக்குச் சொந்தமென்று கிடைத்த முதல் பொருள் அதுதான். அதனால் வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தை அது பிடித்துக்கொண்டபோதுகூட அம்மா வாயைத் திறக்கவில்லை.

ஸ்டீயரிங் தண்டின் மேல்முனையில் இருந்த பேரிங் தேய்ந்து, ஸ்டீயரிங் சக்கரம் மேலும் கீழும் கடகடவென்று ஆடியது. அந்தப் பேரிங் இங்கே கிடைக்காது. கப்பலேறி மெயின்லேண்ட் போகிறவர்களிடம்தான் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் அளவு எழுதிக் கொடுப்பார்கள். பெரியப்பா பழைய பேரிங்கை ஒரு சோப்புக் கட்டியில் அழுத்தி, அச்சுப் பதிந்த சோப்பைக் கொடுத்து அனுப்பினார். அதை வாங்கிப் போன அடுத்த வீட்டு மாமா, கப்பலில் அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்துவிட்டார்.

"ஒடம்பெல்லாம் உப்பு, அண்ணே. கையில சோப்பு வேற இருக்கு. என்ன பண்ணுவேன்?"

"மிச்சத்தையாவது கடையில காட்டினியா?"

"காட்டினேனே. அதுக்கு இதான் சரின்னு குடுத்தான்."

அவர் நீட்டியது தையல் மெஷினுக்குக்கூடப் பத்தாது. பெரியப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "டீக் ஹை, பரவால்ல. அடுத்த கப்பல் வரட்டும்" என்றார். எதைக் கேட்டாலும் அவரிடம் அந்த ஒரே பதில்தான்.

கப்பல் வரும்வரை சக்கரம் ஆடாமல் இருக்க, என் நீல ஹவாய் செருப்பை வளையமாக வெட்டி, கிரீஸ் தடவி, பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் திணித்தார். கேட்டால், "ரப்பர் தோட்டத்துக்காரன்டி நான். ரப்பர் தாங்காதது ஒண்ணு இருக்கா?" என்றார். கிரீஸில் ஊறிய ரப்பர் உப்பிக்கொண்டது. சக்கரத்தைத் திருப்பினால் பாதியில் இறுகி நின்றுவிடும். நான் சிரித்தேன்.

"உங்கப்பன்கிட்ட சொல்லிடாத பாப்பா, அவனும் சிரிப்பான். வண்டி நிக்கிறப்ப எதுவும் தப்பில்ல. ஓடினாத்தான் தப்பு. இத வச்சுக்கிட்டு யாரும் ஓட்டக் கூடாது."

"என் செருப்பு?"

"அடுத்த கப்பல் வரட்டும்."

இப்போது அப்பா அந்தக் காரை டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு ஸாருக்குக் கொடுத்துவிட்டார். நாளைக் காலை அவர் தன் சின்ன மகளோடு வந்து ஓட்டிப் போகிறார். டெலானிபூர் மேட்டில் எத்தனை வளைவு என்று உங்களுக்கே தெரியும்.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஸ்டீயரிங்குள்ள செருப்புத் துண்டு இருக்குப்பா. திருப்பினா இறுகிடும்."

"அண்ணன் செஞ்ச வேலை அது. காரியம்கூட முடியல, செத்தவரு வேலையில குத்தம் சொல்றியா?" என்று கையை ஓங்கினார்.

அப்பாவால் அந்தக் காரைப் பார்க்க முடியவில்லை. ஃபோன் வந்த நாளிலிருந்து அவர் வீட்டின் பின்பக்கம் போகவே இல்லை. முகம் கழுவுவதுகூட முன்வாசல் குழாயில்தான். அதனால்தான் இந்த அவசரம். எனக்குப் புரிகிறது. ஆனால் செத்தவர் வேலையில் குற்றம் இருக்கிறதே! துக்கம் கேட்க வருகிற எல்லோரும் அவரைத் தங்கமான மனிதர் என்கிறார்கள். தங்கம்தான், யார் இல்லையென்றது? அவர் உயிரோடு இருந்திருந்தால் நாளைக் காலை அவரே காருக்கு முன்னால் படுத்திருப்பார்.

இதில் இன்னொரு கொடுமை, நேற்று கப்பல் வந்தது. பெரியப்பா சொல்லிவிட்டிருந்த சரியான பேரிங் அதில் வந்து, என் கையில் கிடைத்துவிட்டது.

இன்று சாயங்காலம் கரண்ட் போனபோது பின்பக்கம் போனேன். பெரியப்பாவின் ஸ்பேனரால் நட்டைக் கழற்றி, ஸ்டீயரிங் சக்கரத்தை ஆட்டி ஆட்டி இழுத்தேன். வந்துவிட்டது. அவர் எதையும் முழுதாக இறுக்கமாட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன். சக்கரம் இருந்த இடத்தில் என் நீலச் செருப்பு வளையம் வெளியே தெரிந்தது.

ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று அத்தை அவருடைய வாட்சைக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு ஸ்டீயரிங் சக்கரமும் காகிதம் பிரிக்காத ஒரு பேரிங்கும்தான். இரண்டும் என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. காலையில் அடி விழும். விழட்டும், வண்டி நிற்கும். பேரிங்கை மாற்றினால்தான் சக்கரத்தைத் தருவேன் என்று அந்த ஸாரிடம் நானே

பின்கதவு திறக்கிற சத்தம். ஜன்னல் வழியே பார்க்கிறேன், அப்பாவின் டார்ச் வெளிச்சம் கார்மேல் விழுகிறது. ரொம்ப நேரமாக அங்கேயே நிற்கிறார்.

இப்போது என் கதவைத் தட்டுகிறார். மெதுவாகத்தான் தட்டுகிறார். "பாப்பா, அந்த நீலச் செருப்பு உன்னோடதா" என்று