பரசுராமன் காதில் விழுந்த முழுங்கல்

ஐயம்பேட்டை பரசுராமன் வீட்டுக்கு முதல் பட்டதாரி. அதற்குத் தாசில்தார் கையெழுத்திட்ட சான்றிதழே இருக்கிறது. வேலைதான் இன்னும் இல்லை. அதனால் எது கையில் கிடைத்தாலும் அதில் தேறிவிடப் பார்ப்பான். போன மாதம் அரசுத் தேர்வு. இந்த மாதம் குழந்தை.

பிறந்து ஒரு வாரமான பெண் குழந்தைக்கு எடை இறங்கிக்கொண்டே போனது. "பால் கொடுக்கும்போது காது கொடுத்துக் கேளுங்க" என்றார் நர்ஸ். "உறிஞ்சல், முழுங்கல், மூச்சுன்னு மாறி மாறி வரணும். ச்சக்னு நாக்குச் சத்தம் மட்டும் வந்தா வாய்ப்பிடி சரியில்ல. வியாழக்கிழமைக்குள்ள எடை ஏறலன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும்."

அன்றிலிருந்து மனைவி தேவிப்ரியா குழந்தையை மடியில் எடுத்தால் போதும், பரசுராமன் ஃபேனை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான்.

"வலிக்குதுங்க. பிடிப்பே சரியில்ல போல."

"நான் கேட்டுக்கினுதான இருக்கேன். டக்கு, டக்குனு சீரா முழுங்குது. வலி வேற, சத்தம் வேற."

உண்மையிலேயே கேட்கிறதா, கேட்கவேண்டுமே என்று கேட்கிறதா என்று அவனுக்கே சில சமயம் சந்தேகம் வரும். அதற்கு ஒரு பாஸ் மார்க் போட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான்.

செவ்வாய்க்கிழமை காலை முழுங்கல் சட்டென்று நின்றது. பரசுராமன் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினான். பக்கத்து வீட்டு ராமராஜன் டீக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா ஓடுற?"

"குழந்தை முழுங்கறத நிறுத்திடுச்சிண்ணா. ரெண்டு நாளா டக்கு, டக்குனு நல்லா முழுங்கிச்சி."

ராமராஜன் தன் வீட்டுத் தறியைத் திரும்பிப் பார்த்தார். "இப்பதான்பா நான் தறிய விட்டு எழுந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரெண்டு நாளா குடிச்சது நானா?"

பிறந்ததிலிருந்து கேட்கும் தறியோசை. பரசுராமன் காது அதைச் சத்தத்தில் சேர்ப்பதே இல்லை; இந்த இரண்டு நாளாக முழுங்கலில் சேர்த்திருந்தது.

உள்ளே திரும்பி வந்தான். இப்போது தெளிவாகக் கேட்டது: ச்சக், ச்சக். நாக்கு மட்டும்.

"நீ சொன்னதுதான் சரி" என்றான். குரல் இறங்கியிருந்தது.

தேவிப்ரியா குழந்தையின் வாயோரத்தில் விரல் விட்டு மெல்ல விடுவித்தாள். வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து மறுபடி அணைத்தாள். அவள் முகச்சுளிப்பு போனது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொண்டைக்குள் சின்னதாக ஒரு 'க்'. மூக்கில் ஒரு மூச்சு. மறுபடி 'க்'.

"தேவி, இது பாரு, உறிஞ்சலுக்கும் முழுங்கலுக்கும்..."

"பேசாதீங்க. கேக்கல."

வெளியே ராமராஜன் டீயைக் குடித்துவிட்டு வந்து நின்றார். "தறியில உட்காரலாமாப்பா?"

பரசுராமன் ஜன்னல் வழியே கையை மட்டும் நீட்டி, இன்னொரு டீ குடிக்கும்படி சைகை காட்டினான்.