ஆமாஞ்சாமி மீட்டர்

சாலிஹா மீட்டரின் முகப்பருகே வாயைக் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினார். முகப்பு வெளுத்தது. துடைக்கவில்லை. ஆவி தானாக விலகும்வரை காத்திருந்து முள்ளைப் பார்த்தார்.

"தொடச்சா கீறல் விழும். மூச்சுக்கு அடங்காத தூசி எங்கன இருக்கு?"

சாத்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அப்துல் ஹக்கீம் செல்போன் உறையும் ரீசார்ஜ் கூப்பனும் விற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னே ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம், நாலடிக்கு ஆறடி இடத்தில், அவர் மனைவி சாலிஹா. பட்டாசு ஆலைகளிலிருந்தும் தீப்பெட்டிக் கம்பெனிகளிலிருந்தும் மின்சாரம் அளக்கும் வயதான மீட்டர்கள் அவரைத் தேடி வருகின்றன. ரிப்பேர் பார்ப்பது இரண்டாவது வேலைதான். வந்தது எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்வது முதல் வேலை.

எதையும் வந்தவுடன் கரண்டில் மாட்டமாட்டார். முதலில் திருகாணிகளின் தலையைப் பார்ப்பார். தலை சிதைந்திருந்தால் யாரோ முன்பே திறந்து கிண்டியிருக்கிறார்கள். மூடியைக் கழற்றி மோந்துபார்ப்பார். கருவாட்டு வாடை அடித்தால் கண்டென்சர் கசிந்திருக்கிறது. முதுகில் கரண்டிக்காம்பால் தட்டிப்பார்ப்பார். அப்புறம்தான் சுவிட்ச். போட்டதும் தீர்ப்பு கிடையாது. ஒரு டீ குடித்து முடிக்கும்வரை சூடேற வேண்டும். "எந்திரிச்சதும் யாரு ஒழுங்காப் பேசுவா?" என்பார்.

மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் ஒன்று, ஆலங்குளத்தில் ஏலத்தில் எடுத்தது, அவரிடம் இருக்கிறது. அதன் பச்சைக்கோடு அரை மணி நேரத்தில் ஒரு விரற்கடை கீழே இறங்கிவிடும். சாலிஹா அதைச் சரிசெய்யவில்லை. மனதுக்குள் ஒரு விரற்கடை கூட்டிக்கொள்கிறார்.

பழைய மீட்டர்களில் நாலு சாதி என்பது அவர் கணக்கு. முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் வாயாடி. மெதுவாக நகர்ந்தால் சோம்பேறி. அசையாவிட்டால் ஊமை. இந்த மூன்றையும் அவர் மன்னிப்பார். நாலாவதுதான் ஆகாது. "ஊமைய நம்பலாம். பேசாதுன்னு தெரியும்ல. இந்த ஆமாஞ்சாமி இருக்கே, அது நம்ம மூஞ்சியப் பாத்துச் சொல்லும்."

தேறிய மீட்டரின் பக்கவாட்டில் ஒரு பச்சைச் சீட்டு ஒட்டுவார். அதில் தேதியும் 'சரி' என்ற ஒரு சொல்லும் இருக்கும். பச்சைச் சீட்டோடு போன எதுவும் குற்றம் சுமந்து திரும்பி வந்ததில்லை. இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் ஹக்கீம் சொல்வார். ஹக்கீம் மறந்தால் சாலிஹாவே சொல்வார்.

ஆவணியில் ஒரு மத்தியானம் சங்கிலிமுத்து வந்தார். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையின் போர்மேன். ஒரு கையில் கைப்பிடி சுற்றும் பழைய எர்த் மீட்டர், இன்னொரு கையில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு டிஜிட்டல் மீட்டர். பழையதில் நாலு வருடத்துக்கு முன் ஒட்டிய பச்சைச் சீட்டு இருந்தது.

மருந்து ஷெட் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பித்தளைத் தகடு உண்டு. உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுப் போவார்கள். உடம்பில் சேர்ந்த மின்சாரம் தகடு வழியாக எர்த் குழிக்கு, மண்ணுக்கு, இறங்கிவிடும். குழி சரியில்லையென்றால் தகட்டைத் தொடுவது சும்மா ஒரு கும்பிடுதான். குழி எப்படி என்று சொல்வது இந்த மீட்டர். எண் குறையக் குறையக் குழி நல்லது.

"தாயி, மூணாம் ஷெட்டுக் குழிக்கு நம்மது ஒண்ணுங்குது. வயரிங் காண்டிராக்டரு கொண்டாந்த இந்த டிஜிட்டல் பொடிப்பய பதினாலுங்கான். பத்துக்குள்ள இருந்தாத்தான் ஆகும். நாளைக்குக் காலைல ஷெட்டத் தொறக்கணுமா வேண்டாமா, நீங்களே ஒரு நாயத்தச் சொல்லுங்க."

"நாயம் என்னண்ணே நாயம்? சீட்டு ஒட்டிருக்குல்ல."

"அதத்தான் மொதலாளிகிட்டச் சொன்னேன். ஆனா எம் பொஞ்சாதி கருப்பம்மா அந்த ஷெட்டுலதான் கெடக்கா. ஒரு வார்த்த கேட்டுப்போம்னு வந்தேன்."

சாலிஹா அளவு தெரிந்த மின்தடைகள் உள்ள பெட்டியை எடுத்தார். பதினாலுக்குத் திருகினார். பழைய மீட்டரை மாட்டி, 'ஹா' என்று ஊதி, ஆவி விலகக் காத்திருந்து, கைப்பிடியைச் சுற்றினார். முள் பதினாலில் நின்றது. டிஜிட்டலை மாட்டினார். அதுவும் பதினாலு.

"இங்கன ரெண்டும் ஒத்துமையாத்தான இருக்கு" என்றார் சங்கிலிமுத்து. "அங்கன போனா ஏன் சண்ட போடுது?"

"அங்கன நீங்க எப்படிப் பாக்கீக? ஒண்ணுவிடாமச் செஞ்சு காட்டுங்க."

சாலிஹா மறுபடி பெட்டியில் மாட்டிக்கொடுத்த பழைய மீட்டரைச் சங்கிலிமுத்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோள் துண்டை எடுத்து முகப்பைத் துடைத்தார். வெள்ளி மருந்துத் தூசி படியும், தினமும் இப்படித்தான் என்றார். வலமிருந்து இடமாக, பூஜ்யத்துப் பக்கம் முடிகிற மாதிரி, பத்துத் தடவை அழுத்தித் தேய்த்தார். கைப்பிடியைச் சுற்றினார்.

முள் ஒன்றில் நின்றது.

சாலிஹா குனிந்து ஊதினார். முள் பதினாலுக்கு ஓடியது. சங்கிலிமுத்து துடைத்தார். ஒன்று. சாலிஹா ஊதினார். பதினாலு.

தடுப்புக்கு மேலாக ஹக்கீமின் தலை எட்டிப்பார்த்தது. "நல்ல மீட்டரா இருக்கே. தடவிக் குடுத்தா பாஸ் போடுது, மூச்சுவிட்டா பெயிலாக்குது. அண்ணாச்சி, எங்க வாத்தியாரு ஒருத்தரு இப்படித்தான்..."

"நீங்க கூப்பன் வித்தாப் போதும்" என்றார் சாலிஹா. அவர் பார்வை மீட்டரின் முகப்பில் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன் இது கண்ணாடி உடைந்து வந்தது. அதே அளவுக்குக் கண்ணாடி வெட்டச் சோம்பல். சிவகாசிக் காலண்டர் கம்பெனிப் பெட்டியோடு வந்த கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்று கடையில் கிடந்தது. அதை வெட்டிப் பசை போட்டு ஒட்டினார். உலர்ந்த துணியால் தேய்த்த பிளாஸ்டிக், சீப்பு காகிதத் துண்டை இழுப்பதுபோல முள்ளை இழுக்கும். மூச்சின் ஈரம் பட்டால் விட்டுவிடும். அவர் எந்த மீட்டரையும் ஊதாமல் பார்த்ததில்லை. ஆகவே அது அவரிடம் ஒருநாளும் பொய் சொல்லவில்லை.

"அப்ப நாலு வருசமா..." என்றார் சங்கிலிமுத்து.

"பொடிப்பயதாண்ணே சரி. ஷெட்டத் தொறக்காதீக. கண்ணாடிய மாத்துனது நாந்தான். இத ஆமாஞ்சாமி ஆக்குனதும் நாந்தான்."

நகத்தால் பச்சைச் சீட்டைச் சுரண்டினார். அது ஒரேயடியாக வரவில்லை. 'சரி' இரண்டாகக் கிழிந்து, பாதி மீட்டரிலேயே தங்கிவிட்டது. எச்சில் தொட்டு அதையும் எடுத்தார்.

"கேட்டீகளா" என்று தடுப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்தத் தகட்டுல எத்தன மீட்டருக்கு வெட்டுனோம்?"

"இதோட பத்து" என்றார் ஹக்கீம்.

மறுநாள் காலை அச்சங்குளத்தில் மூணாம் ஷெட் திறக்கப்படவில்லை. கருப்பம்மாளும் ஆறு பெண்களும் வேப்பமரத்தடியில் வெறும் காகிதக் குழாய் சுற்றினார்கள். இரண்டு பேர் பழைய குழியைத் தோண்டினார்கள். மண் ஆழம்வரை காய்ந்திருந்தது. கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள்.

சாலிஹா பெரிய துணிப்பையோடு பஸ் ஏறினார். மற்ற ஒன்பது இடங்களுக்கும் போனார். எட்டுப் பேர் சொன்னதைக் கேட்டு மீட்டரைக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது, சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அங்கே மேனேஜர் நாகையா தரமாட்டேன் என்றார். சாலிஹா விளக்கினார். ஊதிக் காட்டினார். துடைத்துக் காட்டினார். நாகையா இரண்டையும் பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்மா. சீசன் நேரம், லோடு நிக்குது. நல்லபடியாக் காட்டுற மீட்டர எதுக்குக் கழட்டணும்? தீவாளி கழியட்டும்."

சாலிஹா தலையாட்டினார். மீட்டரை மேஜைமேல் வைத்தார். பெருவிரலை முகப்பின் நடுவில் வைத்து அழுத்தினார். பசை விட்டுத் தகடு உள்ளே போயிற்று. முள் மடங்கியது.

"அடடா, கை பட்டுருச்சு" என்று பையின் வாயை விரித்துப் பிடித்தார்.