அளவு தாண்டிய வயல்

போன சனிக்கிழமை ஒரு கஞ்சாத் தோட்டத்துக்குப் போனேன். பதறாதீர்கள்… சட்டப்படியான தோட்டம்தான்.

சுவிஸில் கஞ்சா பயிரிடலாம் — போதைச் சத்து நூற்றுக்கு ஒன்றை எட்டாத வரைக்கும். அதற்குள் நின்றால் எண்ணெய், தேநீர், துணி. தாண்டினால் போதைப்பொருள்.

பூம்ப்ளிஸில் எங்களுக்குக் கீழ் மாடியில் இருக்கும் சிவம் அண்ணைக்கு அந்தத் தோட்டத்தில்தான் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதல் படித்தவன் என்பதால், முழுக் கட்டடத்துக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"முதலாளியின்ர முகம் சரியில்லை, தம்பி. என்னவெண்டு ஒருக்கா வந்து கேளும்."

அண்ணையின் முகமும்தான் சரியில்லை. ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட மனுப் போட்டிருக்கிறார். நிரந்தர வேலை இருந்தால்தான் அது நகரும்.

முதலாளி சுருக்கமாகச் சொன்னார். அரசாங்கச் சோதனையில் அளவு தாண்டிவிட்டது. முழு வயலையும் அழிக்க வேண்டும்.

தமிழில் சொன்னேன்.

"ஏன், பூ பழுதோ?"

"இல்லை அண்ணை. சத்துக் கூடிப்போச்சு."

"கூடினா நல்லதுதானே?"

முதலாளி அறுக்க வந்தபோது தடுத்தவரே இவர்தான். ஊரில் புகையிலைத் தோட்டம் வைத்த குடும்பம். "இன்னும் ஒரு கிழமை நிக்கட்டும், முத்தினாத்தான் காரம் ஏறும்" என்று அரைகுறை ஜெர்மனில் கெஞ்சியிருக்கிறார். முதலாளியும் நம்பிவிட்டார். காரம் ஏறித்தான் விட்டது.

யார்மேல் பிழை சொல்வது? இங்கே பள்ளிக்கூடத்தில் ஆறுதான் உச்சப் புள்ளி. பிள்ளை ஐந்தரை எடுத்துவந்தால், மிச்ச அரை எங்கே என்று கேட்கிற சனம் நாங்கள். அளவோடு நிறுத்தத் தெரியாது. சட்டத்துக்கோ அளவைத் தவிர வேறொன்றும் தெரியாது.

முதலாளி ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். அடுத்த வருஷம் உருளைக்கிழங்காம். மெஷினே போதுமாம், ஆள் தேவையில்லையாம். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப… அவளைக் கூப்பிடுற அலுவல்?"

இந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கவில்லை. முதலாளியிடம் கேட்டு என்ன பயன்?

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணையின் ஜாக்கெட்டிலிருந்து பூ மணத்தது. முன் சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார். அண்ணை அதைக் கவனிக்கவேயில்லை. எங்கள் தரிப்பிடத்தில் இறங்கும்போது கேட்டார்.

"தம்பி, நீர் படிச்சனீர்… ஒரு பயிரைக் கொஞ்சம் குறைச்சு வளக்கிறதுக்கு எங்க படிப்பிக்கிறாங்கள்?"