ஷட்டருக்குள் கேட்ட குரல்

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் அக்காவும் அத்தானும் தனித்தனியாக என்னிடம் சொன்னது இது. இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு சொல்கூட மாறவில்லை. சொல்லும்போது அக்கா அழவில்லை. அத்தான்தான் அழுதார்.

அத்தானுக்குப் பழைய கார்களின் குரோம் பூச்சைப் பளபளப்பாக்கும் வேலை. பம்பர், கிரில், ஹப்கேப், ஜன்னலைச் சுற்றி ஓடும் மெல்லிய பட்டி... துருப்பிடித்துக் கிடப்பதைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி ஆக்கிவிடுவார். பெரிய பாகங்கள் அவருக்கு. இண்டு இடுக்கெல்லாம் அக்காவுக்கு. "அவளுக்கு விரல் சன்னம், நாக்குதான் நீளம்" என்று எல்லோரிடமும் கிண்டலடிப்பார். ஒருவரை விட்டு ஒருவர் எந்த வேலைக்கும் போனதில்லை.

அன்றைக்கு வேலை ஒரு பெரிய வீட்டின் பின்னால் இருந்த கார் ஷெட்டில். கார், அந்த வீட்டுக்காரருடைய அண்ணனுடையது. அவர் இறந்த பிறகு உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். இப்போது விற்கப் போகிறார்களாம். ஷெட்டுக்கு முன்னால் இரும்பு ஷட்டர். பக்கவாட்டில், வீட்டுக்குள் போக ஒரு சிறிய கதவு.

மதியம் மூன்று மணி இருக்கும். வெளியே மழை. கரண்ட் போய்விட்டது. தூக்கியிருந்த ஷட்டர் வழியாக வந்த வெளிச்சத்தில் அத்தான் முன் பம்பருக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். காரின் மறுபக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அக்கா கதவுப் பட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சர்க்... சர்க்... சர்க்...

ஓரத்தில் அழுத்தாதே, பட்டி நெளிந்துவிடும் என்றார் அத்தான்.

"ம்."

அக்கா ஒரு "ம்"மோடு விடுகிற ரகம் இல்லை. ஒன்று சொன்னால் ஒன்பது திரும்பி வரும். களைத்துப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வேறொரு சத்தம். "ஹா..." என்று உலோகத்தின் மேல் வாயால் ஊதும் சத்தம். பிறகு துணி. மறுபடியும் "ஹா..." இந்த முறை நீளமாக. அடுத்தது இன்னும் நீளமாக. ஒரு மனுஷ மூச்சு அவ்வளவு நேரம் தாங்காது.

"ஊதாதேன்னு எத்தனை தடவ சொல்றது?"

"ம்."

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. கையில் தண்ணீர் ஜக்கோடு அக்கா நின்றாள்.

"யாருகிட்ட பேசிட்டிருக்கீங்க? நான் உள்ள போயி எவ்வளவு நேரமாச்சு."

துணிச் சத்தம் நிற்கவில்லை.

சர்க்... சர்க்...

அக்காவுக்கும் அது கேட்டது. ஜக் கீழே விழுந்தது.

அத்தான் எழுந்தார். ஓடினார். வெளியே பாய்ந்து, ஷட்டரைப் பிடித்து இழுத்துக் கீழே விட்டார். தடார்!

அதற்குப் பிறகுதான் உறைத்தது. அக்கா உள்ளே இருக்கிறாள்.

கையை ஷட்டரின் பிடிக்குக் கொண்டுபோனார். அதே நேரம் உள்ளேயிருந்து...

டொக். டொக்.

"ஏங்க... திறங்க."

அக்காவின் குரல். துளி சந்தேகமும் இல்லை.

கை வரவில்லை. யாராவது வரட்டும், யாராவது வந்து திறக்கட்டும் என்றது மனசு.

"ஏங்க... இருட்டா இருக்குங்க. அது கிட்ட வருது..."

அவர் காலைத் தூக்கினார். ஷட்டரின் அடிப்பட்டியில் வைத்து அழுத்தினார். உள்ளேயிருந்து யாரும் தூக்க முடியாதபடி.

டொக் டொக் டொக் டொக்...

அழுகை.

அத்தான் காதைப் பொத்திக்கொண்டார்.

காலை எடுக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பினார்.

அக்கா.

தலையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் ஓடியதுமே அவள் வந்த வழியாகவே வீட்டுக்குள் ஓடி, முன்வாசல் வழியாகச் சுற்றி வந்திருக்கிறாள். அவருக்கு என்ன ஆனதோ என்ற பதற்றத்தில். வந்து பார்த்தால், அவளுடைய குரலே உள்ளே கெஞ்சிக்கொண்டிருக்கிறது. கட்டியவர் ஷட்டரை மிதித்துக்கொண்டு நிற்கிறார். பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

உள்ளே சத்தம் அடங்கியது.

"உள்ள இருக்கறது நான்னு நெனச்சும்தானே திறக்கல?"

அத்தான் மெல்லக் காலை எடுத்தார்.

வீட்டுக்காரர் வந்து ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே யாருமில்லை. கார் மட்டும். அக்கா ஒரு கதவைக்கூட முடித்திராத அந்த மறுபக்கம், ஆரம்பம் முதல் கடைசி வரை கண் கூசும்படி மின்னியது.

அதன்பின் அக்கா சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள். அத்தானுக்குத்தான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்த முடியவில்லை. அடுத்த அறையிலிருந்து அவள் "ஏங்க" என்று கூப்பிட்டால், கூனிக் குறுகிப்போவார்.

சில நாள் கழித்து வீட்டுக்காரர் போன் செய்தார். மறைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய அண்ணனையும் ஒரு மழை நாளில் அப்படித்தான் கூப்பிட்டதாம். மூடியிருந்த ஷட்டருக்குள்ளிருந்து, அண்ணியின் குரலில். பக்கத்து வீட்டில்கூடக் கேட்டிருக்கிறது. அண்ணன் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாராம். உயிரோடு வெளியே வரவில்லை. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணி அந்த நேரம் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். திறக்காமல் இருந்ததால்தான் நீங்கள் பிழைத்தீர்கள் என்று சொல்லி போனை வைத்தார்.

அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய், மூச்சுவிடாமல் அவ்வளவையும் சொன்னார். அக்கா துணி மடித்துக்கொண்டே கடைசி வரை கேட்டாள்.

"அந்த அண்ணன் திறந்தாருல்ல" என்றாள்.