மாமியாருக்கு எண்பத்தைந்து

ஜன்னல் கண்ணாடிக்காரர் எழுதிக்கொண்டுபோன வரவு செலவுத் தாளை ஆலோசகர் அம்மா அரை நிமிடம்தான் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இந்த வீட்ல சாப்பிடறது யாரு? மனுஷங்களா, புறாவா?"

நூலகக் கட்டடத்தின் மாடியில், கடனில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் காசு வாங்காமல் வழி சொல்லும் சின்ன அலுவலகம் அது. அந்த அம்மா எதையும் பென்சிலால்தான் எழுதுவார். அதனால் அங்கே வந்து காத்திருக்கும் அத்தனை பேருக்கும் அவர் பென்சில் அம்மா.

மூன்று பேர் சாப்பாட்டுக்கு மாதம் முந்நூறு என்று எழுதியிருந்தார் கண்ணாடிக்காரர். முடிவெட்ட ஒன்றுமில்லை. செருப்புக்கு ஒன்றுமில்லை. வேலைக்குப் போடும் கையுறைக்கு ஒன்றுமில்லை. அடியில் மிச்சம் என்று ஒரு பெரிய தொகை. அத்தனையும் கடனுக்கு.

"சீக்கிரமா அடைச்சுடலாம்னு பார்த்தேன்மா."

"மூணாவது மாசம் பசி தாங்காம ஒரு தவணையை விடுவீங்க. அன்னிக்கே கடன்காரங்களோட பேசற ஏற்பாடு முறிஞ்சு போகும். மறுநாள் கடன் குடுத்த அஞ்சு பேரும் உங்க வாசல்ல நிப்பாங்க. நீங்க எவ்வளவு நல்லவருன்னு எனக்குத் தெரிய வேண்டாம் சார். எவ்வளவு செலவாகுதுன்னு தெரிஞ்சா போதும். ஒரு மாசம் எல்லா ரசீதையும் சேர்த்து வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவைப் பன்னிரண்டால வகுத்து எழுதுங்க. அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அவர் தலையாட்டினார். ஆனால் அந்த முந்நூறை அவர் கணக்குத் தெரியாமல் எழுதவில்லை. செய்த காரியத்துக்கு வயிற்றைக் காயப்போடுவதுதான் நியாயம் என்று பட்டது. என்ன காரியம் என்பது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

இருபத்திரண்டு வருடம் ஜன்னல் கண்ணாடி வெட்டிய கை அது. ஒரு கோடு கிழித்து, ஒரு தட்டுத் தட்டினால், சொன்ன இடத்தில் பிளக்கும். அந்தக் கைமேல் இருந்த நம்பிக்கையில் கடை வேலையை விட்டுவிட்டு, கடனில் ஒரு வேன் வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கினார். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் நாற்பது ஜன்னலுக்கு அளவு கொடுத்தார். மொத்த வியாபாரியிடம் கடனுக்கு வாங்கி, நாற்பதையும் வெட்டி முடித்த வாரத்தில் ஒப்பந்தக்காரரின் தொலைபேசி அணைந்துபோனது. ஒருவர் வீட்டு அளவுக்கு வெட்டிய கண்ணாடி இன்னொருவர் வீட்டில் பொருந்தாது. நாற்பதும் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. வங்கிக் கடன், வேன் கடன், இரண்டு கிரெடிட் கார்டு, மொத்த வியாபாரி என்று ஐந்து பேர் வரிசையில் வந்தார்கள். வேன் போயிற்று, அதன் கடன் போகவில்லை. அவர் பழைய கடைக்கே, பழைய சம்பளத்துக்கே திரும்பிப் போனார்.

அந்த நாட்களில்தான் மாமியாரின் ஏடிஎம் கார்டு அவர் சட்டைப்பையில் இருந்தது.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் இணைப்புக் கொடுத்தவர். கணீரென்ற குரல், யாருக்கும் இறங்காத பேச்சு. முழங்கால் மக்கர் பண்ணியதால் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். வங்கிப் படி ஏற முடியாது என்று கார்டை மருமகனிடம் கொடுத்தார். மாதம் ஐந்நூறு ஓய்வூதியம். இருநூறை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும், முந்நூறு கணக்கிலேயே கிடக்க வேண்டும். இதுதான் பேச்சு.

கணக்கில் கிடக்க வேண்டிய அந்த முந்நூறை முதல் தடவை எடுத்தபோது, மாதம் முடிவதற்குள் திருப்பிப் போட்டுவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. போட முடிகிறதே என்ற தைரியத்தில் மறுபடியும் எடுத்தார். பிறகு போடவே இல்லை. இருபத்தாறு மாதம். "கணக்குல எவ்வளவு சேர்ந்திருக்கு மாப்பிள்ளை?" என்று மாமியார் அவ்வப்போது கேட்பார். அவரும் ஒரு தொகை சொல்வார். போன தடவை சொன்னதோடு முந்நூறு முந்நூறாகக் கூட்டி, ஒரு காசு பிசகாமல் சொல்வார். சொந்தக் கடன் எவ்வளவு என்று கேட்டால் முழிப்பவர், இல்லாத அந்தச் சேமிப்பை மட்டும் விரல்நுனியில் வைத்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து, ரசீதுகள் நிரம்பிய செருப்புப் பெட்டியோடு கணவனும் மனைவியும் மாடி ஏறினார்கள். மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவர். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கிளிப் போட்டிருந்தார். பென்சில் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாப்பாடு, வாடகை, மின்சாரம், பஸ், மருந்து என்று வரி வரியாக நிரப்பினார். பிறகு வருமானத்துக்கு வந்தார்.

"உங்க சம்பளம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். வீட்டம்மாவுக்கு ஆயிரத்து இருநூற்று இருபது. மாமியார்னு போட்டு நானூற்று இருபது எழுதியிருக்கீங்களே, அது என்ன?"

உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று சொன்னார்களே என்று, கண்ணாடிக்காரரின் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டிருந்தது.

மனைவி குறுக்கிட்டார். "அம்மா மளிகைக்கு நூற்றி இருபதுதான் குடுப்பாங்க. நீங்க தப்பா எழுதிட்டீங்க. மீதி முந்நூறு அவங்க கணக்குலதானே இருக்கு?"

பென்சில் அம்மா பென்சிலைக் கீழே வைத்தார்.

"இல்ல," என்றார் கண்ணாடிக்காரர். "அது வந்து... இல்ல."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு கிளிப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார்.

"சொந்தக்காரங்களுக்குத் தர வேண்டியதும் கடன்தான் சார்," என்றார் பென்சில் அம்மா, குரலைத் தாழ்த்தி. "அதை மறைச்சு நான் யாருக்கும் கடிதம் எழுத முடியாது. அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க."

பஸ்ஸில் மனைவி வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தார். இறங்கும்போதுதான் வாய் திறந்தார். "நான் சொல்ல மாட்டேன். அவங்க எங்கம்மா. எடுத்த வாயாலயே நீங்க சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் எதிரில் போய் நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

"அத்தை, உங்க கணக்குல பணம் இல்ல. நான் எடுத்துட்டேன்."

மாமியார் வானொலியை அணைத்தார். "எவ்வளவு?"

"ஏழாயிரத்து எண்ணூறு."

"போன மாசம் கேட்டேனே. ஏழாயிரத்து ஐந்நூறு இருக்குன்னீங்க."

"ஆமா அத்தை."

"வாய்க்கு வந்ததைச் சொன்னீங்களா, கணக்குப் போட்டுச் சொன்னீங்களா?"

"கணக்குப் போட்டுத்தான், அத்தை."

மாமியார் சிரித்துவிட்டார். திட்டியிருந்தால் கண்ணாடிக்காரர் தாங்கியிருப்பார், கண்ணீர் விட்டிருந்தால் காலில் விழுந்திருப்பார். இந்தச் சிரிப்புக்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அது எதுக்குச் சேர்த்தேன்னு தெரியுமா மாப்பிள்ளை?"

"முழங்கால் ஆபரேஷனுக்குத்தானே?"

"முழங்காலுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கு. இது முன்பணம். பஸ் நிலையத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் பார்த்து வச்சிருந்தேன். தனியா போயிடலாம்னு." சமையலறை வாசலில் நின்ற மகளை அப்போதுதான் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை. "உன்மேல கோபம் இல்லடி. என் வீட்டுச் சாவி என் கையில இருந்து பழகிப்போச்சு. அவ்வளவுதான்."

மகள் உள்ளே போய்விட்டார். பாத்திரம் கழுவும் சத்தம் தேவைக்கு மேல் கேட்டது.

பணத்தைத்தான் எடுத்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார் கண்ணாடிக்காரர். ஒரு மனுஷி வெளியே போகவிருந்த கதவையே தூக்கிக்கொண்டு வந்திருப்பது இப்போதுதான் உறைத்தது. கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அந்த ஆபீஸ்ல என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார் மாமியார்.

செவ்வாய்க்கிழமை நூலக மாடிக்கு மூன்று பேராகப் போனார்கள். மாமியார் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார். கண்ணாடிக்காரர் நீட்டிய கையைக் கவனிக்காததுபோல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"குடும்பத்துக்குள்ள இருக்கறதால, உங்களுக்குத் தர்றதைக் கடைசியில வச்சுக்கலாமா அம்மா?" என்றார் பென்சில் அம்மா.

"எதுக்கு? பேங்க்காரன் ஜன்னலுக்குள்ள உட்கார்ந்திருக்கான், அவனுக்கு முதல்ல. கூடவே உட்கார்ந்து சாப்பிடறேன், எனக்குக் கடைசியிலயா? அவங்களுக்கு என்ன வீதமோ அதே வீதம் எனக்கும் போடுங்க."

பட்டியலில் ஆறாவதாக மாமியார் ஏறினார். மளிகைக்கு அவர் கொடுக்கும் நூற்று இருபது அப்படியே நின்றது. ஒரு காசு கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்றார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கையுறை என்ற இடத்தில் விரல் நின்றது. கண்ணாடிக்காரர் அங்கே இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இது ஏன் காலியா இருக்கு?"

"பழசே போதும் அத்தை."

"கை கிழிஞ்சு வீட்ல உட்கார்ந்தா என் பணத்தை யாரு தருவா? எழுதுங்க. முடிவெட்டறதுக்கும் எழுதுங்க. பரதேசி மாதிரி நின்னா கடைக்கு எவன் வருவான்? தியாகம் பண்றதெல்லாம் உங்க சொந்தக் காசுல பண்ணுங்க மாப்பிள்ளை, என் காசுல வேண்டாம்."

பென்சில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி இருமிக்கொண்டார்.

வருமானம் மூவாயிரத்து இருநூற்று நாற்பது. செலவு, செருப்பையும் கையுறையையும் திடீர்ச் செலவுக்கு ஒதுக்கியதையும் சேர்த்து, இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. மிச்சம் முந்நூற்று அறுபது. மொத்தக் கடன் முப்பத்து மூவாயிரம். வீதப்படி மாமியாருக்கு மாதம் எண்பத்தைந்து. முடிய ஏழு வருடம் எட்டு மாதம் ஆகும்.

"எனக்கு இப்போ எழுபத்தொண்ணு," என்றார் மாமியார், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "எழுபத்தெட்டு முடிஞ்சு ரூம் பார்க்கப் போறேன். நல்ல வயசுதான்."

இந்தத் தவணைக்கு மற்ற கடன்காரர்களில் நான்கு பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள். மொத்த வியாபாரி மட்டும் முதலில் முடியாது என்று குதித்தார். பென்சில் அம்மா வரவு செலவுத் தாளையும் ரசீதுகளின் நகலையும் அனுப்பினார். இதில் எதைப் பிடுங்குவது என்று வியாபாரிக்கே தெரியவில்லை போலும். சரி என்று எழுதிவிட்டார்.

மனைவி ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் "உப்பு போதுமா?" என்றார். அதிலிருந்து மெல்ல மெல்லப் பேச்சு வந்தது, பழைய மாதிரி வந்ததென்று சொல்ல முடியாது. மாமியாரோ பேச்சை நிறுத்தவே இல்லை. அதே மாப்பிள்ளை, அதே வாங்க, அதே உட்காருங்க. அந்த மரியாதைதான் கண்ணாடிக்காரரை வாட்டியது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி எண்பத்தைந்தைக் கொடுப்பார். மாமியார் எண்ணிப் பார்த்து, நோட்டில் எழுதி, ரசீதும் கொடுப்பார். ஓய்வூதியம் எடுக்கத் தனியாகவே பஸ் ஏறினார். அவர் திரும்பி வரும்வரை கண்ணாடிக்காரருக்கு வேலையில் கை ஓடாது. கூட வரட்டுமா என்று கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

பதினான்கு மாதம் போயிற்று. ஒரு பெரிய கடைக்கு முகப்புக் கண்ணாடி மாட்டிய வகையில் முதலாளி இருநூறு கூடுதலாகக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அதை அப்படியே ஒரு உறையில் போட்டுக்கொண்டு வந்தார். நடக்கும்போதே நெஞ்சு கொஞ்சம் லேசானது. எவ்வளவோ நாளாயிற்று அப்படி நடந்து.

மாமியார் ஜன்னலோரம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இது உங்களுக்கு. கூடுதலா வந்தது. யாருக்கும் தெரியாது."

மாமியார் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "மத்த அஞ்சு பேருக்கு?"

"அவங்களுக்கு மாசா மாசம் போகுதே அத்தை."

"யாருக்கும் தெரியாம எடுத்தீங்க. யாருக்கும் தெரியாம குடுக்கறீங்க. ரெண்டும் ஒரே பழக்கம்தான் மாப்பிள்ளை." குரலில் காரம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "உங்க மனசு ஆறணும்னு இதை நான் வாங்க மாட்டேன். அந்த அம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலக மாடிக்குப் போனார். பென்சில் அம்மா இருநூறை ஆறாகப் பங்கு போட்டு எழுதிக் கொடுத்தார். மாலையில் நாற்பத்தேழோடும் கொஞ்சம் சில்லறையோடும் வந்து மாமியாரின் எதிரில் நின்றார். மாமியார் வாங்கி எண்ணினார். சில்லறையை இரண்டு தடவை எண்ணினார். நோட்டில் எழுதி, ரசீதைக் கிழித்து நீட்டினார்.

கண்ணாடிக்காரர் அதை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதற்கு எந்த வரியிலும் இடம் ஒதுக்கியிருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"வேற ஏதாவது உண்டா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை."

"அப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க."

அவர் தள்ளி நின்றார். மாமியார் விட்ட இடத்திலிருந்து பொத்தானைத் தைக்கத் தொடங்கினார்.