இரண்டு பச்சை விளக்கு

காவேரிப்பாக்கம் ஏரியில் பொழுது சாய்கிறது. பரிசல் ஓட்டுகிறவர் சவரிமுத்து. அவர் காலடியில் ஒரு பொட்டலம். என்ன என்று கேட்டால், “தூண்டில் புழு சார்” என்கிறார்.

இருட்டில் கரை தெரிவதற்காக, இரு கரை ஊர்க்காரர்களும் மெரினா கலங்கரை விளக்கத்தை அச்சு அசலாக ஆளுயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். பச்சை பல்பு எரிந்தால் சவரியின் ஊர். சிவப்பு அவர் மாமியார் ஊர். கோபித்துக்கொண்டு போன மனைவி அங்கேதான் இருக்கிறாள். “நானா போய்க் கூப்ட மாட்டேன் சார்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார்.

இன்று இரண்டு கரையிலும் பச்சை எரிகிறது.

“இதுல எதுங்க உங்க ஊரு?” என்கிறேன். அங்கே போய் நான் வேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அவர் யோசிக்கவே இல்லை. பரிசலை இடதுபக்கம் திருப்புகிறார். கரையில் அவர் மனைவி நிற்கிறாள்.

“இங்க இன்னாத்துக்கு வந்த?”

“நான் எங்க வந்தேன்? பச்ச எரிஞ்சிது, நம்ம ஊருன்னு வந்துட்டேன்.”

விளக்குக்குப் பின்னால் மாமியார் ஒரு சிவப்பு பல்பை முந்தானையில் மறைத்துக்கொள்கிறார்.

சவரி குனிந்து, புழுப் பொட்டலத்தை எடுத்து மனைவியிடம் நீட்டுகிறார். அவள் பிரிக்கிறாள். உள்ளே ஆற்காட்டு மக்கன் பேடா.