அறுபத்தொரு பார்லிச் செடிகள்

அந்த ஆண்டுகளில் டென்மார்க்கில், சில்க்போர்க் நகருக்கு வெளியே, ஒரு விதை ஆய்வு நிலையத்தின் கண்ணாடி வீட்டில் எனக்கு எண்ணுகிற வேலை. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்தவன் என்று நுணுக்குக்காட்டியைத் தந்திருந்தார்கள். பார்லியின் மகரந்தத்தை அயடீனில் இட்டுப் பார்ப்பேன். நல்ல மணிகள் கறுக்கும். வெறும் மணிகள் வெளிறிக் கிடக்கும். ஒரு மரபணு விகாரத்தைச் சுமந்த செடிகளில் பாதிக்குப் பாதி வெளிறல்.

மனைவியையும் மகளையும் அழைக்கக் கொடுத்த விண்ணப்பத்துக்கு அப்போது இருபத்தாறு மாதம். அதில் நான் பிழை விட்டிருந்தேன். எங்களுக்கு எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, முடிந்து எட்டு மாதத்தின் பின்புதான் தாலி கட்டினேன். திருமண நாள் என்று கேட்ட இடத்தில் தாலி கட்டிய நாளை எழுதிவிட்டேன். சான்றிதழில் இருந்தது எழுத்து நாள். திருத்தி மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை.

தன் மகரந்தத்தாலேயே காய்த்த விகாரச் செடி ஒன்றின் விதைகளில் நூற்றிருபது செடி வளர்த்தோம். பாடப்புத்தகக் கணக்கில் முக்கால் பங்கு, தொண்ணூறு செடிகளளவில், விகாரம் இருக்க வேண்டும். அறுபத்தொன்றுதான் வந்தது. நான்கு தரம் எண்ணினேன்.

ரண்டர்ஸ் நகரிலிருந்து வந்து கூட வேலை செய்த தமிழர் சிரித்தார். "என்ன மாஸ்டர், மகரந்தத்துக்கும் விசா குடுக்கப் போறியளோ?"

மேலதிகாரியான டேனிஷ் அம்மையாரிடம் பிழை என்னுடையது என்று சொன்னேன். தாளைப் பார்த்தார்.

"எண்ணிக்கை சரி. விகாரத்தைச் சுமக்கிற மகரந்தம் செத்துவிடுகிறது. சூல்முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. தாய்வழியாக மட்டும் போனால் பாதிதானே வரும்?"

படிப்பித்தவனுக்கு அது தோன்றவில்லை. எது நடந்தாலும் முதலில் என் கையைத்தான் சந்தேகிப்பேன்.

கோப்பி இடைவேளையில் ரண்டர்ஸ்காரரிடம் திகதிப் பிழையையும் சொன்னேன்.

"உங்கட பிழை இல்லை அண்ணை. எனக்குத் திகதி எல்லாம் சரி. முப்பத்தொரு மாசமாக் காத்திருக்கிறன். எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் பதில் வரேல்லை. கந்தோரில அவங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பாக்கிறேல்லை."

"ஒருத்தருக்குமோ?"

"ஓம். நீங்கள் சும்மா எழுதி முத்திரையை வீணாக்காதேங்கோ."

ஆறுதலாக இருக்கவில்லை. பிழை என்னுடையது என்றால் நாலாவது கடிதம் எழுதலாம். பிழை என்னுடையது இல்லையென்றால், அன்று வீட்டில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

அவர்கள் வந்து சேர மேலும் பத்தொன்பது மாதம். விமான நிலையத்தில் மகள் கேளாமலே வாயைத் திறந்து காட்டினாள். விழுந்து முளைத்த பற்கள் ஆறு.